குனியும் வாசல்

வாடகை மகுடத்தின் உட்புறத்தை முகர்ந்து பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். நான் பார்த்திருக்கிறேன். வெளியே ஜிகினாவும் கண்ணாடிக் கல்லுமாக மினுக்கும். உள்ளே அட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்துக் கிடக்கும். யார் யார் தலையோ வியர்த்த வியர்வை, காய்ந்துபோன பசை, கரப்பான் புழுக்கை, பழைய பவுடர், எல்லாம் சேர்ந்து ஒரு நாற்றம். எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்த் திருவிழா மேடைக்குப் பின்னால், அப்படிப்பட்ட மகுடங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வந்து இறங்கின. ராஜாவே இல்லாத ஓர் ஊரைப் பற்றிய நாடகத்துக்கு! மகுடத்தைச் சொல்லிக் குற்றமில்லை. அதை வைத்துக்கொண்ட தலைகளை நினைத்தால்தான் இன்றைக்கும் குமட்டுகிறது.

ராஜா இல்லாத அந்த ஊரை நாங்கள் ரயிலில் கட்டினோம். நாங்கள் என்றால், நானும் என் நண்பனும். திண்டிவனத்தில் ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். படிப்பு முடிந்து இரண்டு பேருக்கும் விழுப்புரத்தில் அரசாங்க வேலை கிடைத்தது. அவனுக்கு ஓர் ஆபீஸ், எனக்கு ஓர் ஆபீஸ். காலையில் திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறினால் சாயங்காலம் அதே பாசஞ்சரில் திரும்புவோம். எங்கள் வீடு பெருமுக்கல் போகிற வழியில் ஒரு கிராமத்தில். கேப்பையும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அவனுக்கும் அதே ஊர்தான். ஆனால் ஊர் வேறு, காலனி வேறு என்பது எங்கள் பக்கத்தில் தவழுகிற குழந்தைக்கும் தெரியும். அவன் வீடு காலனியில்.

கல்லூரியில் பழைய ரோமாபுரியைப் பற்றிப் பாடம் நடந்தபோது தூங்காமல் கேட்டவன் அவன் ஒருவன்தான். ராஜாவைத் துரத்திவிட்டு, இனி ராஜாவே வேண்டாம் என்று ஓர் ஊர் முடிவெடுத்தது அவனுக்குத் தாங்கவில்லை. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு நகரத்தை அவனே உண்டாக்க ஆரம்பித்தான். நானும் கூடச் சேர்ந்துகொண்டேன். மயிலம் வருவதற்குள் மதில் எழும்பியது. பேரணி தாண்டும்போது சந்தை கூடியது. விக்கிரவாண்டியில் வண்டி நின்றால் சட்டம் இயற்றுவோம். வருஷத்துக்கு இரண்டு தலைவர்கள். ஒருவர் செய்வதை இன்னொருவர் நிறுத்தலாம். வருஷக் கடைசியில் இருவரும் ஆற்றில் முழுகி, பதவி உடுப்பை ஆற்றோடு விட்டுவிட்டுக் கோவணத்தோடு வீட்டுக்குப் போக வேண்டும். ஆற்றையும் அவன் குடிமக்கள் கணக்கில் சேர்த்துவிட்டான். பெரியவர்கள் சபை ஒன்று. அந்தச் சபையில் அதே பெஞ்சில், அதே உயரத்தில், மக்கள் காவலன் ஒருவன். அவன் கையைத் தூக்கி "தடை" என்று ஒரு சொல் சொன்னால் போதும், சபை முழுக்கக் கையைக் கீழே போட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அந்த ஊரின் வாசல்தான் அவனுக்குச் செல்லம். அது உயிருள்ள கருங்கல் வாசல். காய்கறிக் கூடைக்காரி வந்தால் கூடை இடிக்காத அளவுக்கு உயரும். மகுடம் வைத்தவன் வந்தால் குனிந்துகொள்ளும். மகுடத்தைக் கழற்றிக் கையில் எடுத்தால்தான் மறுபடியும் நிமிரும். நகரத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று எங்களுக்குள் சண்டை வந்து, கடைசிவரை பெயரே வைக்கவில்லை.

எங்கள் பெட்டியில் தினமும் வருகிற சீசன் பாஸ் கூட்டம் ஒன்று இருந்தது. எல்லோரும் குமாஸ்தாக்கள், கண்காணிப்பாளர்கள், வாத்தியார்கள். அவர்களில் வயதில் மூத்தவரை நாங்கள் செயலாளர் என்று கூப்பிடுவோம். எதற்குச் செயலாளர் என்று யாருக்கும் தெரியாது. எந்தக் கல்யாணத்திலும் பந்தி விசாரிக்கிற ஆள் ஒருவர் இருப்பாரே, அந்த ரகம். எங்கள் நகரத்துக் கதை அவர்கள் காதிலும் விழுந்து, பெட்டியே அந்த ஊராகிவிட்டது. முழங்கால்கள் மேல் துண்டை விரித்துச் சீட்டாடுவார்கள். ஆட்டமா, அரட்டையா, ஜன்னலை மூடுவதா, திறப்பதா, எல்லாவற்றுக்கும் ஓட்டு. செயலாளரின் டிபன் டப்பாதான் ஓட்டுப் பெட்டி. சம்மதம் என்றால் முழு மல்லாட்டை. இல்லை என்றால் வெறும் தோல். என் நண்பனை மக்கள் காவலனாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருநாள் செயலாளர் பக்கத்து ஆளின் சீட்டை எட்டிப் பார்த்தபோது இவன் கையைத் தூக்கி "தடை" என்றான். அத்தனை பேரும் சீட்டைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. இவன் "தடை" என்றால் போதும், கைகள் தாமாகத் தாழும்.

அவன் அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டுக் குழம்பை அந்தப் பெட்டியில் சப்புக்கொட்டிச் சாப்பிடாதவர் கிடையாது. ரயில் ஏறினால் எல்லோரும் ரோமாபுரிக்காரர்கள். திண்டிவனத்தில் இறங்கியதும் அவரவர் தெருக்காரர்கள். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த நகரத்தை வைத்து நான் நாடகம் எழுதினேன். படைத்தளபதி ஒருவன் ஜெயித்து வந்த திமிரில் மகுடம் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருவான். வாசல் குனியும். மக்கள் காவலன் "தடை" என்பான். தளபதி மகுடத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனாக உள்ளே வருவான். அவ்வளவுதான் கதை. எங்கள் ஊர்த் திருவிழாவில் போடலாம் என்று செயலாளர்தான் ஏற்பாடு செய்தார். விடிய விடியக் கூத்து நடக்கும் என்பதால் எங்களுக்குச் சாயங்காலம் ஒதுக்கினார்கள். சபைப் பெரியவர்கள் வேஷம் ரயில் பெட்டிக்காரர்களுக்கு. காவலன் வேஷம் என் நண்பனுக்குத்தான் என்பதில் கேள்வியே எழவில்லை. அவன் அம்மாவிடம் போய், "இந்த வருசம் கோயில் மேடையில நான் உக்காருவேன்" என்று சொல்லிவிட்டான். அந்த அம்மாள் மேடையைத் தூரத்திலிருந்து பார்த்தே வயதானவள். நம்பவில்லை. "வந்து பாரு" என்றிருக்கிறான்.

செலவை ஏற்றுக்கொண்டவர் எங்கள் ஊர்க்காரரே. திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். ஒத்திகைக்கு மண்டிக் குடோனைக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மூட்டை மேல் உட்கார்ந்து முழு நாடகத்தையும் பார்த்தார். பல் குத்திக்கொண்டே பார்த்தார்.

"எல்லாம் சரிப்பா. ராஜா யாரு?" என்றார்.

"ராஜா இல்லைங்க. அதுதாங்க கதையே" என்றேன்.

"ராஜா இல்லாம இன்னா சரித்திர நாடகம்? ஆளு கெடைக்கலன்னா சொல்லக் கூடாதா? நான் வர்றேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் செயலாளர் முந்திக்கொண்டார். "மொதலாளி சொல்றதும் வாஸ்தவந்தான். கடைசி சீன்ல ஒரு ராஜா வந்துட்டுப் போனா இன்னா கெட்டுப்பூடும்?"

கெட்டுப்போவதற்கு இன்னும் என்ன மிச்சம்? படைத்தளபதியை எடுத்துவிட்டார்கள். அவனுக்குப் பதில் ராஜா. வாசல் குனியாது. பெரியவர்கள் எழுந்து நின்று ராஜாவுக்கு மாலை போடுவார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே பிள்ளையாரைப் பிடித்து முடித்த பிறகு, உட்கார்ந்து நிதானமாகக் குரங்காக்கினார்கள்.

அதோடும் விடவில்லை. மண்டிக்காரர் கிளம்பும்போது பெஞ்சில் பெரியவர்களோடு உட்கார்ந்திருந்த என் நண்பனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ கேட்டார். மறுநாள் ரயிலில் செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"இத பாருங்கப்பா. அது கோயில் வாசல் மேடை. சபை சீன்ல எல்லாரும் ஒரே பெஞ்சில உக்கார்றோம். தம்பியும் உக்காந்தா ஊர்ல பேச்சு வரும். நமக்கு ஒண்ணுமில்ல. நாமெல்லாம் படிச்சவங்க, ஒண்ணா சாப்பிட்டுக்கினு வர்றவங்க. ஊருக்காகச் சொல்றேன். தம்பி மேடையில உக்காரலாமான்னு ஓட்டு வச்சிடலாம்."

நாமெல்லாம் படிச்சவங்க! அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றும். தடியோடு வருபவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இவர்கள் டிபன் டப்பாவோடு வந்தார்கள்.

என் நண்பன் கையைத் தூக்கினான். அவன் வாயைத் திறக்கும் முன் செயலாளர் அவன் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து இறக்கினார். "காவலனைப் பத்தின ஓட்டுல காவலன் தடை சொல்லக் கூடாதுப்பா. ஓட்டும் போடக் கூடாது. அதான் மொறை." எந்த முறை? யார் எழுதிய முறை? அந்த நகரத்தின் சட்டத்தை உண்டாக்கியவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவனுக்கே தெரியாத சட்டம் அந்த நிமிஷத்தில் செயலாளர் வாயில் பிறந்தது. நான் கத்தினேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டப்பா கை மாறியது. என் நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டப்பாவைத் திறந்தபோது எல்லாம் தோல். நடுவில் ஒரே ஒரு முழு மல்லாட்டை. செயலாளர் அதை எடுத்தார். விரலால் அழுத்தி உடைத்துப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டார். "யாரோ உரிக்க மறந்துட்டாங்க போல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"மறக்கல. அது என்னுது" என்றேன்.

மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "உனக்கு வயசு பத்தலப்பா" என்றார். பல்லிடுக்கில் என் ஓட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

நாடகத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லத்தான் இருந்தேன். என் நண்பன் தடுத்துவிட்டான். அவனுக்கு அவர்கள் இரக்கப்பட்டு ஒரு வேலை ஒதுக்கியிருந்தார்கள். வாசல் கயிறு. மூங்கிலில் சாக்கைக் கட்டிக் கருங்கல் மாதிரிச் சாயம் பூசிய வாசல் அது. மேல் விட்டத்துக்கு மணல் மூட்டை எதிர் எடை; கிணற்று ராட்டினத்தில் மாட்டிய கயிற்றை இழுத்தால் விட்டம் இறங்கும், விட்டால் ஏறும். திரைக்குப் பின்னால் நிற்பவனை யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால் ஊருக்கு ஆட்சேபம் இல்லை. "கடைசி சீன்ல மட்டும் கயித்தத் தொடாத" என்று செயலாளர் இரண்டு தடவை சொன்னார்.

"இதுக்கு இன்னாத்துக்குடா சரின்ன?" என்று அவனைத் திட்டினேன்.

"வாசல் என் கையிலதான இருக்குது. நடக்கட்டும் வுடு" என்றான்.

திருவிழா அன்றுதான் அந்த மகுடப் பெட்டி வந்தது. பெரியவர்கள் சபைக்கு வெள்ளை வேட்டியும் தோளில் வெள்ளைத் துணியும் போதும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். செயலாளர் விழுப்புரத்தில் நாடக டிரெஸ் வாடகைக்கு விடுகிற கடையில் போய், "சரித்திர நாடகம், பெரிய ஆளுங்க" என்று சொல்லியிருக்கிறார். கடைக்காரனுக்குத் தெரிந்த பெரிய ஆள் ராஜாதான். அவன் மேல் தப்பில்லை. பெட்டியைத் திறந்து பார்த்து எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தேன். கல்யாண வீட்டில் பாயசம் வந்த மாதிரிப் பாய்ந்தார்கள். ஆளுக்கொரு மகுடம். இருந்த ஒரு கண்ணாடிக்கு அடிதடி. குடியரசின் பெரியவர்கள் அத்தனை பேரும் ஜிகினாத் தலையோடு ஒருவர் மீசையை ஒருவர் ஒட்டிவிட்டார்கள்.

"கழட்டுங்க. மகுடம் வச்சா அந்த ஊருக்குள்ளயே வர முடியாது" என்று கெஞ்சினேன்.

"எல்லாருமே ராஜான்னா யாருமே ராஜா இல்லன்னுதானப்பா அர்த்தம்? அதான் சமத்துவம்" என்றார் செயலாளர். மகுடம் அவருக்குப் பெரிதாக இருந்தது. காதுவரை இறங்கியிருந்தது.

பொழுது இறங்கும் முன் திரை தூக்கினார்கள். நான் மேடை ஓரத்தில் தட்டிக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன். ஊர்ச் சனம் முன்னால் உட்கார்ந்திருந்தது. காலனிச் சனம் தள்ளி, புளியமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. என் நண்பனின் அம்மா மரத்தடியில் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். மகனுக்கு மேடையில் இடம் இல்லை என்பதை அவன் சொல்லியிருக்கவில்லை. சபைக் காட்சி வந்தது. பெஞ்சு நிறைய மகுடங்கள். காவலன் இடத்தில் செயலாளரின் மச்சான் உட்கார்ந்து தன் வசனத்தை விழுங்கினான். அந்த அம்மாள் ஒவ்வொரு முகமாகத் தேடுவது எனக்குத் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

கடைசிக் காட்சி. ஆர்மோனியம் கொட்டகையை அதிர வைத்தது. மண்டிக்காரர் வெல்வெட் அங்கியும் மகுடமுமாக வாசலுக்கு வெளியே வந்து நின்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றவில்லை. உள்ளே பெரியவர்கள் மாலையைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். அவர் ஒரு காலை எடுத்து வைத்தார்.

வாசல் குனிந்தது.

மெதுவாக, ஒத்திகையில் இறங்கிய அதே நிதானத்தில் இறங்கி, விட்டம் அவர் நெஞ்சுக்கு நேராக நின்றது. ஆர்மோனியக்காரர் பாட்டை மறுபடி முதலிலிருந்து எடுத்தார். மண்டிக்காரர் மகுடத்தைப் பிடித்துக்கொண்டு குனியப் பார்த்தார். தொப்பை விடவில்லை. "டேய், தூக்குடா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். புளியமரத்துப் பக்கமிருந்து ஒரு விசில் வந்தது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து என் நண்பனின் குரல், மைக் இல்லாமலே ஊர் முழுக்கக் கேட்டது.

"தடை!"

பெரியவர்கள் கைகள் அப்படியே தாழ்ந்தன. மாதக்கணக்காக ரயிலில் பழகிய கைகள். யோசிக்கவே இல்லை. மாலை நழுவித் தரையில் விழுந்தது. நான் எழுதிய நாடகம் அந்தக் கொஞ்ச நேரம்தான் நடந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

பிறகு செயலாளர் அசைந்தார். குனிந்து விட்டத்துக்கு அடியில் கையைக் கொடுத்தார். "புடிங்கப்பா, ஜல்தி" என்றார். அவ்வளவுதான். குடியரசின் பெரியவர்கள் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். மகுடங்கள் கோணிக்கொண்டன, மீசைகள் உரிந்தன, வேர்த்து ஊற்றியது. ராஜா நிமிர்ந்து வருவதற்காகத் தங்கள் ஊர் வாசலைத் தாங்களே முக்கி முக்கித் தூக்கினார்கள். பின்னால் என் நண்பன் கயிற்றை விடவில்லை. அது அவன் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போயிற்று.

மண்டிக்காரர் உள்ளே வந்து நின்று என் பக்கம் பார்த்தார். வசனத்துக்காக. நான் கையிலிருந்த பிரதியைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். அவர் விழித்தார். கூட்டத்தைப் பார்த்தார். தெரிந்ததைப் பேசினார். "எல்லாருக்கும் வணக்கம். இந்த வருசம் மழ நல்லா பேஞ்சிருக்குது. மல்லாட்டை நல்லா வெளையும். மண்டிக்கு எடுத்துக்கினு வாங்க." கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். செயலாளரும் மகுடம் ஆட ஆடத் தட்டினார்.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்து மைக்கில் ஓர் அறிவிப்பு வந்தது. வாசல் கயிறு சிக்கிக்கொண்டதால் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறோம், என்று. மண்டிக்காரரும் அதையே சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எதிர்த்தான் என்று கோபப்பட்டு அடித்திருந்தால்கூட மரியாதை. அவன் செய்ததைக் கயிறு செய்ததாக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை பாசஞ்சரில் அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். இரண்டு உள்ளங்கையிலும் துணிக் கட்டு. வழக்கமான ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தான். "அம்மாவுக்குக் கொரலு கேட்டுச்சாம்" என்று என்னிடம் மட்டும் சொன்னான்.

மயிலம் தாண்டியது. செயலாளர் எதிர் சீட்டிலிருந்து அவன் முழங்காலைத் தட்டினார். முகத்தில் அப்படி ஒரு பெருந்தன்மை. "கயிறு சிக்கிக்கிச்சு. அதுக்கு நீ இன்னா பண்ணுவ? மனசுல வச்சிக்காத, வுடு."

"சிக்கல சார்" என்றான். "நான்தான் எறக்கினேன்."

பெட்டியில் எல்லோரும் எங்கெங்கோ பார்த்தார்கள். செயலாளர் கேட்காதவர் மாதிரித் தோளிலிருந்து துண்டை எடுத்தார். "சரி சரி, ஆட்டத்தப் போடுங்க" என்று முழங்கால்கள் மேல் விரித்தார். ஒருவர் சீட்டுக்கட்டைக் கலைத்தார். கைகள் நீண்டன.

என் நண்பன் கட்டுப் போட்ட கையைத் தூக்கினான்.

"தடை."

நீண்ட கைகள் நின்றன. செயலாளரின் கையும் நின்றது. இங்கே முக்கித் தூக்குவதற்கு மூங்கில் வாசல் எதுவும் இல்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

விழுப்புரம் வரைக்கும் யாரும் சீட்டைத் தொடவில்லை. மறுநாளும் அவன் அதையே சொன்னான்.